ஒண்ணுமில்ல என்று சொன்ன எஸ்தர் அக்காவுக்கு

என் பிரியமான அக்கா,

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எனக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. நீ போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் நானும் நீ படுத்திருந்த மாதிரியே படுத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா. வேறு யாரிடம் சொன்னாலும் உடனே கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். நீதான் பேச விடுவாய்.

உன் மகள் ஜெனி நன்றாக இருக்கிறாள். கிள்ளையில் உன் அம்மாவோடுதான் வளர்கிறாள். ‘தானே’ புயலில் உங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெரியம்மா விடியும்வரை சுவரோரம் குந்தியிருந்ததாம். இப்போது தகரம் போட்டிருக்கிறார்கள். ஜெனிக்கு உன் மூக்கு. பிடிவாதமும் உன்னுடையதுதான்.

அந்தக் கோடை உனக்கு ஞாபகம் இருக்குமா? நான் பிளஸ் டூ எழுதிவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்த கோடை. சுனாமி வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. உன் அப்பாவை அலை கொண்டுபோயிருந்தது. கடலூரில் எங்களுக்கு யாரும் சாகவில்லை. ஆராதனைக்குப் புறப்பட்டு நின்றபோது தெருவுக்குள் தண்ணீர் வந்தது, ஓடினோம், பிழைத்தோம். ஆனாலும் பயந்தது நான்தான். குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் ஊற்ற மாட்டேன். துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வேன்.

எங்கள் சபையில் அந்த வருஷம் எனக்கு ஞானஸ்நானம் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றில் இறக்கி முழுக்குவார்கள். எனக்கு விசுவாசம் இருந்தது அக்கா. ஆனால் தலைக்கு மேலே தண்ணீர் என்று நினைத்தாலே எழுந்து வெளியே போய்விடுவேன். அம்மா என்னைக் கிள்ளைக்கு அனுப்பியதே, தண்ணீரில் கிடக்கிற உன்னோடு இருந்தால் தெளிவேன் என்றுதான்.

நீ ஒன்றும் புத்தி சொல்லவில்லை. முதல் நாளே, “இன்னாடி ரூபி, இம்மாம் பெரிய பையி? துணியா, பொஸ்தகமா?” என்று கேட்டுப் பையைக் கொட்டினாய். லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த புத்தகங்கள். கப்பல் பயணம், பனிமலை ஏறினவர்கள், ஆழ்கடலில் இறங்கினவர்கள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “மொகத்துல தண்ணி ஊத்த மாட்டா, படிக்கிறது மட்டும் கடலுக்கு அடியில.”

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பெரியப்பாவின் சின்னத் தோணியில் நீ கழி ஊன்றி, உப்புத் தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் சுரபுன்னைக் காட்டுக்குள் கொண்டுபோவாய். நண்டு வலையைப் போட்டுவிட்டு நீ காத்திருக்கும் நேரத்தில் நான் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரு நாள் லைப்ரரிப் புத்தகம், ஒரு நாள் வேதாகமம். வேதாகமத்தில் தண்ணீர் வருகிற இடங்களாகப் பார்த்து நான் படித்தேன். பயந்துகொண்டே படித்தேன். எத்தனை தண்ணீர் அதில்! உலகமே முழுகுகிறது, கடல் பிளக்கிறது, படகில் இருக்கிற இயேசுவின் சீஷர்கள் அலறுகிறார்கள். நீ தோணியின் முனையில் படுத்துக்கொண்டு, “அலறுனாங்க இல்ல? பெரிய பெரிய சீஷனுங்களே அலறுனாங்க. நீ இன்னாத்துக்கு வெக்கப்படுற?” என்றாய்.

நீ சபைக்கு வருவதில்லை. பெரியப்பா போன பிறகு நீ ஒருநாளும் முழங்கால் போட்டதில்லை என்று பெரியம்மா அழுதது. ஆனாலும் நான் படிக்காமல் விட்டால், “மேல படி” என்பாய். எதைக் கேட்டுக்கொண்டிருந்தாய் அக்கா, அந்த வரிகளில்? நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் வானம் சாதாரணமாகத்தான் இருந்தது. வலை வேரில் மாட்டிக்கொண்டது என்று நீ தண்ணீரில் இறங்கினாய். இடுப்பளவுதான். நான் தோணியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று திரும்பியது. கோடை மழை, இடியோடு. தோணியை ஒரு கிளையில் கட்டச் சொன்னாய், கட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன், நீ இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

“அக்கா, ஏறி வாயேன்!”

“வரேன்டி. வலைக் கயிறு கால்ல சுத்திக்கிச்சி. ஒண்ணுமில்ல.”

கடல் ஏறுகிற நேரம் அது. கழிமுகம் வழியாக வாய்க்காலுக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. உன் மார்பு மறைந்தது. நீ மூச்சைப் பிடித்துக் குனிந்தாய், இருமிக்கொண்டே எழுந்தாய். மறுபடியும் குனிந்தாய். கயிறு காலைவிட்டு வரவில்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்தபோதும் நீ சொன்னது அதேதான். “ஒண்ணுமில்ல, நீ எறங்காத. சொல்றன்ல?”

உன் கண்ணைப் பார்த்தேன். அது வேறு ஏதோ சொன்னது.

நான் ஜெபம் பண்ணவில்லை அக்கா. ஒரு வசனமும் வாயில் வரவில்லை. “ஐயோ, ஐயோ” என்று கத்திக்கொண்டே இறங்கினேன். கால் சேற்றில் புதைந்தது. உன் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன். காதுக்குள் அந்தச் சத்தம், சுனாமி அன்றைக்குத் தெருவில் கேட்ட அதே சத்தம். உடனே எழுந்துவிட்டேன். வாந்தி வந்தது. மறுபடி போனேன். கைக்கு உன் கணுக்கால் தெரிந்தது, அதைச் சுற்றிக் கயிறு, கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்த வேர். வேரை மிதித்து அழுத்தி, கயிற்றை உன் குதிகால் வழியாக உருவினேன். தோல் உரிந்திருக்கும். நீ கத்தினாய். ஆனால் கால் வந்துவிட்டது.

தோணியில் மழையில் நனைந்தபடி இருவரும் கிடந்தோம். உன் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. “பயந்துட்டியா அக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கு இன்னாடி பயம்?” என்றாய். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.”

வெள்ளாற்றில் என்னை இறக்கியபோது உடம்பெல்லாம் உதறியது. கரையில் நின்ற பெண்கள் அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். வெறும் பயம்தான் என்று எனக்கும் உனக்கும் தெரியும். பயத்தோடுதான் முழுகினேன், பயத்தோடுதான் எழுந்தேன். கரையில் ஈரத் துண்டோடு நீ நின்றாய். நீயும் அழுதாய். ஏன் என்று கேட்டால் கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றாய்.

உன் கல்யாணத்துக்கு அப்புறம் போனில் எப்போது கேட்டாலும் “நல்லா இருக்கேன்டி” தான். கடைசி மாதத்தில் உனக்கு விடாத தலைவலி, கண் மங்கல், கால் வீக்கம். எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும், அதுவும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். “எண்ணெ தேச்சிக் குளிச்சா சரியாப்பூடும், அம்மாவுக்குத் தெரிஞ்சா ஊரைக் கூட்டும்” என்றாயாம். வலிப்பு வந்து உன்னைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தபோது பிள்ளையை மட்டும்தான் எடுக்க முடிந்தது.

எனக்கு உன்மேல் கோபம் அக்கா. இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். தண்ணீர் கழுத்துக்கு வந்த அன்றைக்காவது உன் கண்ணைப் பார்க்க நான் பக்கத்தில் இருந்தேன். போனில் கண் எப்படித் தெரியும்? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்குப் போலவே அலறிக்கொண்டு வந்திருப்பேன் இல்லையா?

நேற்று சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலை விண்ணென்று வலித்தது. குழாய்த் தண்ணீர் இரண்டாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கடலூர் சிப்காட் ஆலையில் ஷிப்ட் முடித்து அப்போதுதான் உள்ளே வந்தார். “இன்னா ரூபி, ஒரு மாதிரி இருக்க?” என்றார். ஒண்ணுமில்ல என்று என் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது அக்கா. அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அந்த வார்த்தை நாக்கிலேயே இருக்கிறது போல.

“எனக்குப் பயமா இருக்குதுங்க. தலை வலிக்குது, கண்ணு தெரியல. எஸ்தர் அக்காவுக்கு ஆனமாதிரி ஆவுது” என்றேன். சொல்லிவிட்டு அரிசிப் பாத்திரத்தோடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் செருப்பைக்கூடப் போடவில்லை, ஆட்டோ கூப்பிட ஓடினார்.

கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இங்கே அனுப்பினார்கள். பிரஷர் ரொம்ப ஜாஸ்தியாம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, “எப்ப ஆரம்பிச்சுது தலைவலி?” என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். “நல்லவேளை, ஒடனே வந்துட்ட. நெறைய பேரு தாங்கிக்கிட்டு இருந்துட்டு, வலிப்பு வந்தப்புறம் வராங்க” என்றார். அந்த நிறையப் பேரில் நீ இருக்கிறாய் என்று அவரிடம் சொல்லவில்லை.

மருந்து ஏற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். நாளைக் காலையில் ஆபரேஷன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. விசுவாசம் இருந்தால் பயம் போகும் என்று பார்க்க வந்த சபை அம்மா சொன்னார்கள். எனக்கு அப்படி நடந்ததே இல்லை. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருக்கின்றன. ‘ஆண்டவரே, பயமா இருக்கு’ என்பதற்கு மேல் ஒரு ஜெபமும் எனக்கு வரவில்லை. அது போதும் என்று வைத்துக்கொள்ளலாமா?

இதை வேறு யாராவது படித்தால் படிக்கட்டும். வயிற்றில் பிள்ளையோடு எவளாவது தலைவலியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவள் எழுந்து போய் யாரிடமாவது சொல்லட்டும்.

நான் பிழைத்து வீட்டுக்குப் போனால் ஜெனியை அடிக்கடி என்னிடம் கொண்டுவரச் சொல்வேன். அவள் அம்மா எப்படித் தோணி ஓட்டினாள், எப்படிச் சிரித்தாள் என்று சொல்வேன். உன்னை ஒரு தைரியசாலியாக மட்டும் அவளுக்குக் காட்ட மாட்டேன் அக்கா, மன்னித்துக்கொள். உன் கை நடுங்கியதையும் சொல்வேன். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து அவள் ஒண்ணுமில்ல என்றால், நான் நம்ப மாட்டேன். உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது என்று அவள் சொல்லும்வரை கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நர்ஸ் வருகிறார். கையை நீட்ட வேண்டும்.

உன் சித்தி மகள், உனக்காகவும் சேர்த்துப் பயப்படுகிற தங்கச்சி,
ரூபி