பவர் டேபிளில் முதலில் உட்கார்ந்தவர்

என் அன்புள்ள நங்கைக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஏழு வருஷமாகிறது. அண்ணன் மனைவிக்கு ஒரு கடிதம் எழுத எனக்கு இப்போதுதான் கை வந்திருக்கிறது. கோபம்தான் எழுத வைத்தது.

போன வாரம் நம் பனியன் கம்பெனியில் விழா. காலமான முதலாளியின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் மகன் பேசினார்: "பொம்பளைங்கள மொதமொதல்ல மிஷின்ல உக்கார வெச்சது எங்கப்பாதானுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அவரா உட்கார வைத்தார்? அந்தக் காலத்தில் பவர் டேபிளில், அந்தக் கரண்ட் தையல் மிஷினில், ஆண்கள்தான் தைப்பார்கள். நமக்குத் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் வேலை. மிஷின் கேட்ட உங்களை, "சேலைத் தலைப்பு பெல்ட்டுல மாட்டுனா யாரு பொறுப்பு?" என்று விரட்டியவர் அவர். மறுநாளே அண்ணனின் சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். "இப்ப எதுங்க மாட்டும்?" கேட்டுக்கொண்டே போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏனுங்க, வேட்டி எப்பக் கட்டறீங்க?" என்றான் மேஸ்திரி. "நீங்க சேலை கட்டற அன்னிக்குங்க" என்றீர்கள். அவன் வீட்டு விசேஷம் எதற்கும் நான் இன்றுவரை போனதில்லை.

ஆனால் அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. "மானம் போகுது நங்கை" என்றும் சொன்னேன். அடுத்த மாதமே என்னையும் இழுத்துப் பக்கத்து மிஷினில் உட்கார வைத்தீர்களே, எப்படி மனசு வந்தது? கேட்காமலே விட்டுவிட்டேன்.

விழாவில் எழுந்து நின்றேன். அங்கேயே தைக்கிற என் பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள்: "உக்காருங்க அம்மாயி, ரெண்டு பேர் வேலையும் போயிரும்."

"போகட்டும் கண்ணு" என்றுவிட்டு மேடையைப் பார்த்துச் சொன்னேன். "சாமி, உங்கப்பா வேண்டாம்னுதானுங்க சொன்னாரு. தானா வந்து உக்காந்தது எங்க நங்கை, ராமாத்தா."

பிறகு தையல்காரப் பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "பேரு கேக்கலீங்க, இன்னொருக்கா சொல்லுங்க!" சொன்னேன். வரிசை முழுக்கக் கைதட்டியது.

முதலாளி மகன் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் இறங்கி வந்து, "எழுதிக் குடுங்க, விழா மலர்ல போடறனுங்க" என்றார். அதற்குத்தான் இந்தக் கடிதம். போடுவாரா?

போடாவிட்டால் போகட்டும். புதிதாக எந்தப் பெண் மிஷினுக்கு வந்தாலும், உங்கள் பெயரைக் கேட்காமல் அவள் நூல் கோக்கப் போவதில்லை. இன்று காலை இரண்டு பேர் சேர்ந்தார்கள். சொல்லிவிட்டேன்.

உங்கள் நாத்தனார்,
பழனாத்தாள்