ஃபோனில் சொல்ல மூச்சு போதவில்லை

தி.நகர்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மகேஷும் அந்தக் குளிர் ஊரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் நலம் என்று அடுத்த வரி வர வேண்டும். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், கடிதமே அதைப் பற்றியதுதான். பயப்படும்படி ஒன்றும் இல்லை. முதலில் அதை நம்பிவிட்டு மேலே படி.

நீ கூப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாக நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "ம், சரி, ஆமா, இதத் தவிர எங்கிட்டப் பேச உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா? அப்பா திதிக்கு நான் வரலைங்கற கோபம் இன்னும் போகலைன்னா நேரா திட்டிடு. இனிமே நீயா கூப்பிட்டாத்தான் பேசுவேன்" என்றாய். எனக்குப் பதில் இருந்தது. வாயும் திறந்தது. அது வெளியே வருவதற்குள் நீ வைத்துவிட்டாய். தீபி, அது கோபம் இல்லை. மூச்சு. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியில் நெஞ்சு இறுகிக்கொள்கிறது, மீதிப் பாதிக்குக் காற்று இருப்பதில்லை. எனக்குப் பேச மூச்சு இல்லை என்று உனக்கு விளக்குவதற்கே நிறைய மூச்சு வேண்டியிருந்தது. ம் என்று சொல்ல வாயைக்கூடத் திறக்க வேண்டாம். குக்கர் விசில் அடிக்கிறது, வாசலில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்ததெல்லாம் அதனால்தான். வீடியோ வேண்டாம் என்றதும் அதனால்தான், மூச்சுக்குத் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் நீ அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவாய். வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து பார்த்தேன். போட்டுக் கேட்டால் யாரோ நாற்காலியை இழுப்பதுபோல் இருந்தது, அழித்துவிட்டேன். எழுத்தாக அனுப்பினால் படித்த மறு நிமிடம் நீ கூப்பிடுவாய், மறுபடி நான் ம் என்பேன். காகிதத்தில் நான் எழுதி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. எவ்வளவு நீளமான வரியும் எழுதலாம், மூச்சு வாங்கவில்லை. திதிக்கு நீ வராதது வருத்தம். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரியும். உன் சித்தப்பா மகன் ஸ்ரீஹரிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தான். கொஞ்சம் கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயில் காலத்தோடு போய்விட்டது.

டாக்டர் சொன்னது இது. பழைய வீசிங்தான், ஆனால் இப்போது நுரையீரல் குழாய்களே சுருங்கிவிட்டன, சி.ஓ.பி.டி. என்று பேர். நம் லைனிங் துணிக்கடை உனக்குத் தெரியும், ஜன்னல் கிடையாது, லைனிங் துணியைக் கிழிக்கும்போதெல்லாம் பறக்கிற பஞ்சு ஏ.சி.க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதில்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஸ்ரீஹரி உட்கார்கிறான், மூக்கில் துணி கட்டச் சொன்னால் சிரிக்கிறான், நீ சொன்னால் கேட்பான். இன்ஹேலர் காலையும் ராத்திரியும். அதோடு மூச்சுப் பயிற்சியும் செய்யச் சொன்னார். அதைச் சொல்லித் தர ஆள் எதற்கு என்று நானே யூடியூப் பார்த்து வயிற்றை வேகவேகமாக உள்ளே இழுத்து கபாலபாதி செய்தேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம், கண் இருட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் வகுப்புக்குப் போனேன்.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் மாடி. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் என்னைப்போல் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு வகுப்பு. சொல்லித் தருகிற பெண் பேர் மஹ்விஷ், ராயப்பேட்டை, பிசியோதெரபி படித்துவிட்டு யோகாவும் படித்தவள், உன் வயதுகூட இருக்காது, அதட்டுகிற அதட்டில் வாத்தியார் தோற்றுப்போவார். யூடியூப் கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு வேகமும் கூடாது, மூச்சை அடக்குவதும் கூடாதாம். மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விட வேண்டும். இழுத்ததைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம், எங்களுக்கெல்லாம் உள்ளே வராத காற்றைவிட வெளியே போகாத காற்றுதான் தொந்தரவாம். பிறகு குப்புறப் படுத்துக் கையில் நெற்றியை வைத்து வயிறு தரையில் அழுந்துவதைக் கவனிப்பது. கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு வண்டு மாதிரி ரீங்காரம், பிராமரி. அதற்குப் பக்கத்துப் பாயில் உட்கார்கிற தேவானை சொன்னாள், "எங்கூட்டுல இத செஞ்சேன்னு வையி, கொசுன்னு நெனச்சி அடிச்சிடுவாங்கோ யக்கா." மாடியே சிரித்துவிட்டு இருமியது. மஹ்விஷும் சிரித்தாள், அவள் மட்டும் இருமவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் ஒரே மூச்சில் எண்ணச் சொல்வாள், எவ்வளவு தூரம் போகிறோம் என்று பார்க்க. எனக்கு எண் ஓடுவதில்லை. லைனிங் அடுக்கின் நிறம்தான் வருகிறது. அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில்கழுத்து. முதல் நாள் அங்கேயே நின்றுவிட்டேன். கடையில் ஆள் வந்து நின்றால் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை நிறுத்தாமல் சொன்னவள் நான். பிறகு வெங்காயச்சருகுவரை போனேன். கத்திரிப்பூ, மாந்துளிர்வரை வந்தேன். அப்போது மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். அடுக்கு முழுவதும் ஒரே மூச்சில் சொல்ல வரட்டும், அன்றைக்குத் தீபியைக் கூப்பிட்டு முன்னைப்போலப் பேசுவது. அதுவரை கூப்பிட வேண்டாம். நல்ல குரலோடுதான் உன்னிடம் வர வேண்டும் என்று ஒரு வீம்பு.

வகுப்பு முடிந்து படியில் உட்கார்ந்து உன் நம்பரை எடுப்பேன், வைப்பேன். இதைத் தேவானை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆற்றோரம் இருந்து ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்டவள், பக்கத்துத் தெருவில் பெருக்குகிற வேலைக்குப் பஸ் மாறி வருகிறாள், வேலைக்கு முன்னால் வகுப்பு. யாருக்குக் கடன் பாக்கி, ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன், நிறுத்தி நிறுத்தி. கேட்டுவிட்டு, "அதுவரிக்கும் உன் பொண்ணு அங்க மூச்சப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்குமா?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து போய் மஹ்விஷிடம் கேட்டேன், முன்னைப்போலப் பேச எத்தனை மாதம் ஆகும் என்று. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஆன்ட்டி, போனது திரும்பி வராது. இருக்கிறத வச்சுக்கிட்டு பதறாம இருக்கத்தான் சொல்லித் தர்றேன்" என்றாள். டாக்டரும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். அப்போது காதில் விழவில்லை. அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் பஸ் வந்தது. போனது. இன்னொன்றும் வந்தது.

பயிற்சியால் பலன் இல்லை என்று நினைத்துவிடாதே. மாடிப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றவள் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறேன். தலையணையை அடுக்கி உட்கார்ந்துகொண்டே தூங்கியது போய்ப் படுத்துத் தூங்குகிறேன். இறுக்கம் வந்தால் பதறுவதில்லை, உதட்டைக் குவித்து ஊதுகிறேன், அது இறங்கிப்போகிறது. முழுதாகப் போவதில்லை, இறங்குகிறது. ஆனால் நான் காத்திருந்த அந்த நாள் வரப்போவதில்லை. அது தெரிந்த பிறகு காத்திருப்பதில் என்ன இருக்கிறது.

வீடு அப்படியேதான் இருக்கிறது. எதிர் ஃப்ளாட்டில் இருந்த ஸ்வர்ணலதா குடும்பம் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய்விட்டது, அவர்கள் மாப்பிள்ளைக்கு வேலை அங்கே. கதவில் பூட்டு. தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பால்கனிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரங்கநாதன் தெருவுக்குப் போகிற கூட்டம், எல்லார் கையிலும் பை, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்றும் இல்லை. விளக்கு வைத்ததும் பாயைப் போட்டு உட்கார்ந்து பிராமரி செய்கிறேன். காதைப் பொத்தியிருப்பதால் சத்தம் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. நாள் பூராவும் இந்த வீட்டில் கேட்கிற ஒரே குரல் அதுதான். சில நாள் தேவைக்கு மேலேயே செய்துவிடுகிறேன். நிறுத்தினால் மறுபடி அமைதி.

நீ கிளம்பி வர வேண்டாம். வந்தால் சந்தோஷம், ஆனால் பதறி வராதே. என்னையும் அங்கே கூப்பிடாதே, குளிர்காற்று எனக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ ஃபோன் பண்ணினால் போதும். பண்ணிவிட்டு நீயே பேசு. என்ன சமைத்தாய், ஆபீசில் யார் உன்னைப் படுத்துகிறார்கள், மகேஷோடு எதற்குச் சண்டை, எல்லாம் சொல். ஒரு சமயத்தில் ஒரு கேள்வி கேள், நாலையும் சேர்த்துக் கேட்காதே. நான் பாதி வாக்கியத்தில் நிறுத்துவேன், மீதியை நீ ஊகித்து முடித்துவைக்காதே, மெதுவாக நானே வருவேன். ம் என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஹீட்டர் போடுகிற அறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வை, தொண்டை வறண்டுபோகும். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வெளியே போகாதே. சின்ன வயதில் உனக்கும் இழுப்பு இருந்தது, மாப்பிள்ளைக்கு அது தெரியுமோ என்னவோ, சொல்லிவை.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். பேசிக்கொண்டிருக்கும்போது என் பக்கம் சத்தமே இல்லாமல் போகும். கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருப்பேன். அது கொஞ்சம் நீளம். அதுவரை இரு.

இப்படிக்கு
உன் அம்மா
தங்கபுஷ்பம்