இரண்டாவது இருக்கை

மார்ச் 4

அன்புள்ள பிடிவாதத்துக்கு,

நலம். சண்டைக்கு ஆள் இல்லாததால் நீயும் நலமாகவே இருப்பாய்.

நம் கட்டுரையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாக்டீரியா மூச்சுவிட உதவும் நம் நொதியில் ஒரே ஓர் இருக்கைதான். முதல் மூலக்கூறு வந்து எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறது. அதன் பிறகே, வாங்கிக்கொள்ள இரண்டாவது வந்து உட்கார்கிறது. இரண்டாவதைப் போலவே தோன்றும், ஆனால் எதையும் வாங்காத போலி ஒன்றை உட்காரவைத்துப் பார்த்தேன். பிறகு முதலாவதை ஊற்றினேன். அது உள்ளே வந்து எலக்ட்ரான்களைக் கொடுத்திருந்தால் நொதியின் மஞ்சள் நிறம் வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை.

மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்டு அனுப்பு. இங்கே சாப்பாடு ஏதோ ஓடுகிறது.

உன்,
ஆராய்ச்சிக்காரன்


மார்ச் 11

அன்புள்ள கழுவல் திலகத்துக்கு,

கையெழுத்துப் போடமாட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று என்ன சொன்னீர்கள்? "ஒருத்தர் எழுந்து போனாத்தான் இன்னொருத்தர் உட்கார முடியும். இந்த வீட்ல ரெண்டு பேருக்கு இடமில்ல." அதையே இப்போது நொதியின் தலையிலும் கட்டியிருக்கிறீர்கள்.

நொதியைச் சோப்புக் கரைசலில் எத்தனை முறை அலசினீர்கள்? என் காபிக் கோப்பையிலிருந்த பூவையே தேய்த்து அழித்தவராயிற்றே. நொதியில் ஒட்டியிருந்த கொழுப்பெல்லாம் போனால் இரண்டாவது இருக்கை சரிந்துவிடாதா? போலி போய் முதலாவதன் இடத்தில்தான் விழும். ஒரே அலசலோடு நிறுத்திச் செய்து பாருங்கள்.

கோபம் தீரவில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியது தவறாக அச்சேறி நாலு பேர் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. மேசையில் உங்கள் பக்கத்தையும் என் காகிதங்கள் பிடித்துக்கொண்டன. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
பிடிவாதம்


மார்ச் 25

அன்புள்ள பிடிவாதத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே அலசலோடு நிறுத்தினேன். கை துறுதுறுத்தது.

போலியை உட்காரவைத்து, முதலாவதை ஊற்றினேன். மஞ்சள் என் கண் முன்னே வெளுத்தது. நம்பாமல் மறுபடி செய்தேன், மறுபடியும் வெளுத்தது. ஒன்று எழுந்து போகாமலே மற்றது வந்து உட்கார்கிறது. இடம் இருந்திருக்கிறது. நான்தான் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன்.

கட்டுரையைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதுவோம், உன் பெயர் முதலில்.

சனிக்கிழமை காலை வருகிறேன். மேசையை ஒழிக்காதே. காகிதங்கள் அப்படியே இருக்கட்டும். நான் ஓர் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். நீ எழுந்திருக்க வேண்டாம்.

உன்,
கழுவல் திலகம்