வரையாமல் விட்ட வெள்ளைப் பட்டை

உங்கள் மகள் நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி மூன்று பட்டைக் கொடி ஒன்று வரையச் சொல்லியிருந்தார்கள். மேலே ஊதாச் செவ்வகம், கீழே மஞ்சள் செவ்வகம் போட்டாள். நடுவில் வெள்ளைக்கும் ஒன்று போடப் போனவளை, “அது எதுக்கு? திரையே வெள்ளைதானே, இருக்கத்தானே செய்யுது” என்று தடுத்த மேதாவி நீங்கள்தான். வகுப்பில் டீச்சருடைய திரை கறுப்பு. கொடிக்கு நடுவே ஒரே இருட்டு. எல்லாரும் சிரித்தார்களாம்.

போன வாரம் ஆபீஸ் விருந்தில் உங்கள் அம்மா, தம்பி, மகள் என்று எல்லாரையும் அறிமுகம் செய்தீர்கள். என்னை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கும் இதே பதில்தான்: “உன்னைத் தனியா வேற சொல்லணுமா? நீ இருக்கத்தானே செய்யறே.”

நானும் அவளும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். அலமாரிச் சாவி கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. குழாய் ரிப்பேர்காரர் நாளைக் காலையில் வருவார், நீங்களே இருந்து கதவைத் திறந்துவிடுங்கள்.

பி.கு: கொடியைச் சரிசெய்துவிட்டாள். வெள்ளைக்கும் ஒரு செவ்வகம். கூடுதலாக ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டியிருந்தது.

இன்னொன்று, ராத்திரிக்கு நான் சமைக்கவில்லை. சட்டியைத் திறந்து பாருங்கள், சாப்பாடு இருக்கத்தானே செய்யும்.