அரைத் தேக்கரண்டி உப்பு

3-3-2003, திங்கள்
மனைவி சந்திராவை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்து ஆறு நாட்கள். குடல் முறுக்கி அழுகியதால் வெட்டியெடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் எண்பத்தைந்து சென்டிமீட்டர்தான் மிச்சம். வயிற்றில் துளை, அதில் ஒரு பை. வெளிநாடுகளில் பிறர் குடலை எடுத்துப் பொருத்துகிறார்களாம். “இங்க சாப்பாடுதான் சார் வைத்தியம்” என்றார் மருத்துவர். அவர் எழுதித் தந்த தாளின்படி வெறும் தண்ணீர் கூடாது. குடித்ததைவிட அதிகமாகப் பையில் வந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. மிடறு மிடறாகத் தர வேண்டும்.

4-3-2003, செவ்வாய்
உப்பைப் பாதியாக்கிவிட்டேன். சந்திராவின் இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கும்படி நம் தெரு டாக்டர் சொன்னது 11-9-1996, புதன்கிழமை. அதை ரத்து செய்து இதுவரை எவரும் எழுதித் தரவில்லை.

18-3-2003, செவ்வாய்
எடை முப்பத்தொன்பது கிலோ. பதினைந்து நாளில் மூன்று கிலோ குறைவு. கடலை மண்டித் தராசில் எடைபோட்ட மண்டி ஆள் ராஜமாணிக்கம், “கடலை மூட்டையே நாப்பது வருது சார், அம்மா அதவிட கம்மி” என்று சிரித்தான். சந்திராவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

27-3-2003, வியாழன்
பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் சந்திராவின் வாயில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துவிட்டேன்.
“கெஞ்சறாங்க சார். ரெண்டு வாய்தான் குடுத்தேன்.”
எடை குறைந்ததன் காரணம் விளங்கிற்று. இனி இந்த வாசற்படி ஏறாதே என்றேன்.
சந்திரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அவளயும் தொரத்தியாச்சா? இனிமே யாருகிட்ட பேசறது, உங்க நோட்டுகிட்டயா?”

7-4-2003, திங்கள்
ஜோதியம்மாள் வருவதில்லை. எடை முப்பத்தேழு.

16-4-2003, புதன்
சித்ரா பௌர்ணமி. காலையில் சந்திராவுக்குக் கைகால் இழுத்துக்கொண்டு நினைவு தப்பியது. கிரிவலக் கூட்டத்தில் கார் நகரவில்லை. வேலூர் சேர மாலையாயிற்று.

19-4-2003, சனி
சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. டயாலிசிஸை உடம்பு தாங்காதாம்.
“உப்பு எவ்ளோ போட்டீங்க?” என்றார் மருத்துவர்.
“அரை.”
“ஒன்னுன்னுதானே எழுதியிருந்தேன்? இவங்களுக்கு உப்புதான் சார் தண்ணிய உடம்புல நிறுத்தும்.”
பக்கத்து வீட்டம்மாள் கொடுத்த இரண்டு வாய் தண்ணீரால் இருக்குமோ என்று கேட்டேன் — கேட்டேனே, அப்போதும்! இல்லை என்றார்.
நான்தான். வேற யாரு? எழுதிக் குடுத்தத படிக்கத் தெரியாதா எனக்கு?

4-5-2003, ஞாயிறு
வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். நேற்று வந்தோம்.
இன்று சந்திராவிடம் சொன்னேன். உப்பைக் குறைத்தது நான், உன்னை இப்படி ஆக்கியதும் நான்.
அவள் சொன்னாள், “பாதி போடறத பாத்துட்டுதான் இருந்தேன். என் பி.பி.ய இன்னும் ஞாபகம் வச்சிருக்காரேன்னு நெனச்சேன்.”
பிறகு, “ஜோதிய கூப்புடுங்க.”
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். உப்பு என்று தொடங்கினேன்.
“நகருங்க சார்” என்று ஜோதியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எனக்கு முன்னால் நடந்தார்.