பிரிந்த பேண்டு சேரவே கூடாது

டிசம்பர் 24, இரவு.

காது இன்னும் அதிர்கிறது. தூக்கம் வரவில்லை.

பிரிந்த ராக் பேண்டு மறுபடி சேர்வது, ஆறிப்போன பஜ்ஜியைத் திரும்ப எண்ணெயில் போடுகிற வேலை. கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் ராக்கே கிடையாது. நெய்வேலி குவார்ட்டர்ஸ் முழுக்க இதைச் சொல்லித் திரிந்தவன் நான். ஆனால் எங்கள் பழைய டிரம்மர் ரஃபி மைன்ஸில் ஷிப்டையே மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது மறுக்க முடியவில்லை. பல வருடம் கழித்து, எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் கிறிஸ்துமஸ் விழாவில் சேர்ந்து வாசித்தோம். கேரல், அதாவது சர்ச் கிறிஸ்துமஸ் பாட்டு, மட்டும் கிடையாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன்.

முதல் பாட்டிலேயே கிட்டார் ஆம்ப்பை முழுச் சத்தத்துக்குத் திருகினேன். ஃபியூஸ் போய்விட்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில் ஹாலே இருட்டு. என் கிட்டார் செத்தது. ரஃபி மட்டும் நிறுத்தவில்லை.

"கரண்ட் போனா இன்னாடா? நான் அடிச்சிகினே இருக்கேன், நீ பாடு!"

என் பாட்டு அங்கே யாருக்குத் தெரியும்? சர்ச்சில் பாடும் பெண்கள் அவன் அடிக்குக் கேரலை எடுத்தார்கள். கூட்டமே சேர்ந்துகொண்டது. எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியது நான்தான். முடிந்ததும் ஹால் முழுக்க ஒன்ஸ் மோர்!

என் கருத்தில் மாற்றமில்லை. பிரிந்த பேண்டு சேரவே கூடாது. நாங்கள் மட்டும் பொங்கலுக்கும் வாசிக்கிறோம்.