கம்மலுக்கு ரசீது

கவரைப்பேட்டை,
28-8-1974

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அம்மா மணியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் நன்றாக இருக்க வேண்டும், அது தவிர இப்போது எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. பிலாயில் மழை பிடித்துக்கொண்டதாக எழுதியிருந்தாய், குழாயடியில் பார்த்து நட. வாந்தி நின்றதா, நிற்காவிட்டால் வெறும் வயிற்றில் டீ குடிப்பதை விடு. இங்கே மழை இல்லை, ஏரியில் மாடு மேய்கிறது, நாற்று விட்டவர்கள் எல்லாம் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய கல்யாணப் போட்டோ வந்து சேர்ந்தது. அனுப்பும் முன் அதை நீ நன்றாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், உன் மேல் குற்றமில்லை. நைனா கார்டில் நாலு வரிதான் எழுதினார், அம்மாவின் ஏழுகல் கம்மலைக் கம்பெனியில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், நீ அதைப் போட்டுக்கொண்டிருக்கும் போட்டோ வேண்டும் என்று. படித்துவிட்டு என்னவோ ஏதோ என்று பயந்திருப்பாய். முழுசும் எழுதுகிறேன், உட்கார்ந்து பொறுமையாகப் படி.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆபீசர் குவார்ட்டர்ஸ் பெருக்கும் வேலைக்கு நான் போய் இரண்டு வருஷம் ஆகிறது, நம் காலனி பச்சையப்பன் அங்கே மேஸ்திரி, அவன்தான் சேர்த்துவிட்டான், இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சேர்ந்த முதல் வாரமே கேட்டில் நின்ற வாட்ச்மேன் என் காதைப் பார்த்துவிட்டு, இன்னாமா, மேனேஜரூட்டம்மாவே தொடப்பம் எடுத்துகினு வந்துட்டாங்களா, தள்ளுங்கடா, வழி உடுங்க என்று கத்தினான். ஷிப்டு முடிந்து வந்த ஆண்கள் எல்லாம் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ரயிலை விட்டு இறங்கியதும் கம்மலைக் கழற்றி இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வேன், காதில் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொள்வேன், சாயங்காலம் ரயில் ஏறியதும் மறுபடியும் மாட்டிக்கொள்வேன். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகக்கூடாதா என்பாய். ஓலைக் கதவுக்குப் பூட்டு ஏது. என் பாட்டி செண்பகம் பழவேற்காட்டிலிருந்து கருவாட்டுக் கூடை சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி போன பிறகு பொன்னேரி ஆசாரியிடம் செய்து போட்டுக்கொண்ட கம்மல் அது. எனக்குக் கொடுத்தபோது, உடம்ப உட்டு எறக்காதேடி என்று ஒன்றுதான் சொன்னாள். நானும் இறக்கவில்லை, காதிலிருந்து இடுப்புக்கு மாற்றினேன், அவ்வளவுதான். அதுதான் நான் செய்த தப்பு.

ஆடி பிறந்த வாரம் மேனேஜர் வீட்டு அம்மா, மாமியார் காலத்துச் சிவப்புக்கல் கம்மல் ஒரு ஜோடி பீரோவில் காணவில்லை என்று சொல்லிவிட்டாள். பெருக்குகிற எங்கள் ஐந்து பேரையும் கேட்டுக்குப் பக்கத்து அறையில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். என் பையில் வெற்றிலையும் பாக்கும் என் கம்மலும் இருந்தன, அதுவும் சிவப்புக்கல்தான். அந்த அம்மா வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்து, இதுதான் போலிருக்கு என்றாள். போலிருக்கு! தன் மாமியாரின் நகையில் கல் எத்தனை என்று அவளுக்குத் தெரியாது, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் கூட அதை எடுத்துப் போட்டுக்கொண்டதில்லையாம். எனக்கு என் கம்மல் இருட்டில் விரலால் தடவினாலும் தெரியும். ஆனால் அவள் சொன்ன போலிருக்குக்கு இருந்த மதிப்பு என் சத்தியத்துக்கு இல்லை.

செக்யூரிட்டி ஆபீசர் என்று ஒருவர், மிலிட்டரியிலிருந்து வந்தவர், அவர்தான் விசாரணை. உன்னுதுன்னா எதுக்கும்மா ஒளிச்சு வச்சுக்கிட்டு வரே என்று கேட்டார். வாட்ச்மேன் கேலி செய்ததைச் சொன்னேன், அவனைக் கூப்பிட்டார்கள், நான் இவங்க காதப் பாத்ததே இல்ல சார் என்று அவன் சாதித்துவிட்டான். பிறகு கடை பில் கேட்டார். பாட்டி போட்ட நகைக்குப் பில்லை எங்கே தேடுவேன், ஆசாரியும் செத்து, அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் கடை இருக்கிறது. அடையாளம் சொன்னேன். வலது கம்மலில் கீழ்க்கல் ஒன்று கண்ணாடி, நடவில் சேற்றோடு போன கல்லுக்குப் பதிலாக வைத்தது. இடது கம்மலின் தண்டு கொஞ்சம் வளைவு, நீ கைக்குழந்தையில் பிடித்துத் தொங்கினாய், என் காது ஓட்டை கீழே இறங்கியதும் அதனால்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு வாரம் கையில வச்சுப் பாத்தா எனக்குந்தான் இதெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டார். போட்டோ இருந்தால் கொண்டு வா என்றார். அதற்குத்தான் நைனா உனக்கு எழுதினது.

போட்டோ வந்ததும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினோம். ஆபீசர் மேஜை மேல் வைத்துப் பார்த்தபோதுதான் நானும் பார்த்தேன். உன் காதில் தொங்குவது ஜிமிக்கி. நான் நடவுக்குப் போன நிலத்துக்காரர் துளசிராமன் வீட்டு அம்மாவிடம் இரவல் வாங்கினது. உனக்கு மறந்துவிட்டது, எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் ஞாபகம் வந்தது. தாலி கட்டும்போது உன் காதில் கம்மல்தான் இருந்தது. போட்டோ எடுக்கப் பொன்னேரியிலிருந்து ஆள் வந்ததும் நான்தான் கழற்றச் சொன்னேன், பழசு, கண்ணாடிக் கல் தெரியும், மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள் என்று. நீ மாட்டேன் என்றாய், நான் உன் தலையில் குட்டினேன். அந்தப் போட்டோவில் ஓரமாக நிற்கிறேனே, என் இடுப்புப் பையில் இருக்கிறது கம்மல். அது எந்தப் போட்டோவில் விழும்? ஆபீசர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, இது வேற நகையாச்சே, இது யாருது, இதையும் எங்கேயாவது கண்டெடுத்தியா என்றார். நைனா போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஜிமிக்கி கொடுத்தவளே சாட்சி சொல்லட்டும் என்று துளசிராமன் வீட்டுக்குப் போனேன். இருபது வருஷம் அவர்கள் நிலத்தில் இந்தக் கம்மலோடுதான் குனிந்து நட்டேன். அந்த அம்மா, நடவுக்கு வரவ காதுல இன்னா கீதுன்னு நான் குனிஞ்சு பாத்துக்கினா இருந்தேன், ஜிமிக்கி எங்களுது, அத்த வேணா எங்க வந்து சொல்லணுமோ சொல்றேன் என்றாள். சொல்லிவிட்டு, வந்தது வந்தாய், மாட்டுக்கொட்டகையைக் கூட்டிவிட்டுப் போ என்றாள். கூட்டாமல் வந்தேன்.

மறுநாள் கடைசியாக விசாரித்தார்கள். ஆபீசர், டைப் அடிக்கிற கிளார்க்கு, பச்சையப்பன், நைனா, மேனேஜர் வீட்டு அம்மா எல்லாரும் இருந்தார்கள். கம்மல் மேஜை மேல் ஒரு காகிதத்தில் கிடந்தது, என்னைத் தொட விடவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்துத் தண்டு தீக்குச்சி தடிமன், அந்த அம்மாவின் காது ஓட்டையோ ஊசி நுழைகிற அளவுதான். சார், அம்மாவே அதப் போட்டுப் பாக்கட்டும், அவங்க காதுல நொழஞ்சா அவங்களுது, நான் ஜெயிலுக்குப் போறேன் என்றேன். அந்த அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, சீ, அவ காதுல கெடந்தத நான் போட்டுக்கறதா, எனக்கென்ன தலையெழுத்தா என்று கத்தினாள். டைப் சத்தம் நின்றுவிட்டது. யார் காதில் கிடந்தது என்று அவள் வாயாலேயே வந்துவிட்டதே சந்திரகலா. நான் விடவில்லை, எழுதுங்க சார், அம்மா இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க என்றேன். ஆபீசர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நீ வெளிய நில்லு என்றார். பச்சையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே இருந்தவர்களில் ஒருத்தரும் காது கேட்காதவர் இல்லை.

நாலாம் நாள் மேனேஜர் மெட்ராஸ் போய்ப் பேங்க் லாக்கரைத் திறந்து பார்த்திருக்கிறார், அவர்கள் கம்மல் அங்கே பத்திரமாக இருந்ததாம். இனி என்னுடையதைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கொடுத்தார்கள், ஒரு காகிதத்தோடு. குவார்ட்டர்ஸ் பெருக்கும்போது நான் ஒரு ஜோடி கம்மலைக் கண்டெடுத்து ஆபீசில் ஒப்படைத்ததாகவும், யாரும் உரிமை கேட்டு வராததால் கம்பெனி என் நேர்மையைப் பாராட்டி அதை எனக்கே அன்பளிப்பாகக் கொடுத்ததாகவும், நான் என் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நிற்பதாகவும் டைப் அடித்திருந்தது. நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றதும் பச்சையப்பன் முகம் மாறியது, கைநாட்டு வைப்பேன் என்று நினைத்திருந்தார்கள், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தது அவர்களுக்குத் தெரியாது. வாங்கிக்கினு போய்ட்டே இரு அக்கா, பேஜாரு பண்ணாத, போலீசுக்குப் போச்சுன்னா அத்த நீ கண்ணாலயும் பாக்க மாட்டே என்று அவன் என் காதோடு சொன்னான். நைனாவைப் பார்த்தேன், அவர் கம்மலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டிய ஏழாம் மாதத்தை நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், போட்டுவிட்டேன்.

அங்கேயே நின்று காதில் மாட்டித் திருகாணியை முறுக்கிக்கொண்டு கேட்டு வழியாக வெளியே வந்தேன். இன்னாமா, கம்பெனியே குடுத்துச்சாமே, குடுத்து வச்ச காதும்மா என்றான் வாட்ச்மேன். நான் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் அது கம்பெனி கொடுத்ததாகிவிட்டது. பாட்டி சுமந்த கூடையெல்லாம் ஒரு டைப் அடித்த காகிதத்துக்குக் கீழே போய்விட்டது. அந்தக் காகிதம் அவர்கள் பைலில் இருக்கும், நான் செத்த பிறகும் இருக்கும்.

அதனால்தான் இந்தக் கடிதம். நம் குடும்பத்தில் தலைச்சன் பிறந்ததும் கம்மல் கை மாறும், நீ பிரசவத்துக்கு வந்து திரும்பும்போது உன் காதில் போட்டு அனுப்புவேன். ஒரு இடத்திலும் கழற்றி ஒளிக்காதே, எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும். பிலாய் போனதும் அதைப் போட்டுக்கொண்டு, காது தெரியத் திரும்பி உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள். மாப்பிள்ளையின் உடம்பைப் பார்த்துக்கொள், இரும்பாலையில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு மோர் கொடுத்து அனுப்பு. நீயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடி என் கண் முன்னால் நிற்க வேண்டும். இந்தக் கடிதத்தை மட்டும் அடுப்பில் போட்டுவிடாதே, டிரங்குப் பெட்டியில் அடியில் வை. ஏழு சிவப்புக் கல், வலதில் ஒன்று கண்ணாடி, இடது தண்டு வளைவு, பழவேற்காட்டுச் செண்பகம் கருவாடு விற்றுச் செய்தது, பேத்தி மணியம்மாளிடமிருந்து மகள் சந்திரகலாவுக்கு. பில் எங்கே என்று உன்னை எவனாவது கேட்டால் இதை எடுத்துக் காட்டு.

உன் அம்மா,
செண்பகத்தின் பேத்தி,
த. மணியம்மாள்